ஆகாயத்தாமரையை அள்ளினால் ஐந்தே மாதத்தில் திரும்பி வருகிறது: குளத்தை எங்கிருந்து சரிசெய்வது?

வாத்தியார்_பசுமைமன்றம்:

வணக்கம். பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் கேட்கிறேன். ஊர்க் குளம் இரண்டரை ஏக்கர், சராசரி ஆழம் ஐந்தடி. மூன்றில் இரண்டு பங்கு ஆகாயத்தாமரை. மிச்சத் தண்ணீர் பெயின்ட் கரைத்த மாதிரி பச்சை. ஒரு தெருவின் 120 வீட்டுக் குளியல், துணி, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரே வாய்க்கால் வழியாக உள்ளே விழுகிறது. போன வருடம் பொக்லைன் வைத்து அள்ளிக் கரையிலேயே குவித்தார்கள். ஐந்து மாதத்தில் பழையபடி மூடிவிட்டது. சென்ற வாரம் இரண்டு நாள் மூட்டம். மூன்றாம் நாள் விடியலில் மீன்கள் மிதந்தன, பெரிய கட்லாக்கள்தான் முதலில்.

ஊரில் மூன்று யோசனை ஓடுகிறது: களைக்கொல்லி தெளிப்பது, ஈ.எம். உருண்டை (நுண்ணுயிர்க் கலவை சேர்த்துப் பிடித்த மண் உருண்டை) போடுவது, பத்தடிக்குத் தோண்டிவிடுவது. எது சரி? இன்னொன்று: பொருள் சுழற்சி, உணவுச் சங்கிலி, மனிதனின் பொறுப்பு என்று வகுப்பில் நடத்துகிறோம். "இயற்கைதானே சார், விட்டுவிட்டால் அதுவே சரியாகிவிடாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தக் குளத்தை வைத்தே விளக்க முடியுமா?

நீர்க்கணக்கு:

மூன்றும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், அதிலேயே உங்கள் பாடமும் இருக்கிறது.

குளம் கெட்டுப்போகவில்லை சார். போட்டதைத் தின்று வளர்கிறது, அவ்வளவுதான். பிரச்சினை பாஸ்பரஸ், செடிக்கும் பாசிக்கும் அதுதான் உரம். ஒரு கணக்குப் போடுவோம். 120 வீடு, வீட்டுக்கு நாலு பேர், 480 பேர். கழிப்பறை சேராத வெறும் கழுவுநீரில் ஆளுக்கு நாளைக்கு அரை கிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால் 240 கிராம். வருடத்துக்கு 87 கிலோ. உங்கள் குளம் நிறைந்தால் சுமார் 15,000 கன மீட்டர். 87 கிலோவையும் அதில் கரைத்தால் லிட்டருக்கு 5.8 மில்லிகிராம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே ஒரு நீர்நிலையை மிகை ஊட்டம் பெற்றது என்பார்கள். உள்ளே வருவதில் பெரும்பகுதி சேற்றில் படிந்துவிடும் என்றாலும் வரவு எத்தனை மடங்கு அதிகம் என்று பாருங்கள்.

இப்போது செலவுப் பக்கம். அடர்ந்த ஆகாயத்தாமரை சதுர மீட்டருக்கு 25 கிலோ வரும். 6,600 சதுர மீட்டரில் 165 டன். அதில் 94 சதவீதம் தண்ணீர். உலர் எடை பத்து டன். உலர் எடையில் பாஸ்பரஸ் 0.35 சதவீதம் என்றால் 35 கிலோ. ஆக மொத்தக் குளத்தையும் வழித்து எடுத்தாலும் வெளியேறுவது 35 கிலோ. வாய்க்கால் அதைத் திருப்பிக் கொடுக்க ஐந்து மாதம் போதும். (உங்கள் "ஐந்து மாத"த்தோடு இது இவ்வளவு அழகாகப் பொருந்துவது தற்செயல். செடி திரும்பி வர சேற்றில் உள்ள இருப்பும் விதைகளும்கூடக் காரணம். பிள்ளைகளிடம் இதை நிரூபணம் என்று சொல்லிவிடாதீர்கள்.) போன வருடம் அந்த 35 கிலோகூட வெளியேறவில்லை. கரையில் குவித்தது அழுகி அடுத்த மழையில் சாறாக உள்ளே போயிருக்கும்.

பொருள் அழியாது, இடம்தான் மாறும் என்று பாடத்தில் ஒரு வரியில் வருவது இதுதான். "விட்டால் சரியாகாதா" என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வாய்க்காலை நிறுத்திவிட்டு விட்டால் ஆகும், ஆனால் வருடங்கள் பிடிக்கும். சேற்றில் படிந்த பாஸ்பரஸ், அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் மேலே வந்துகொண்டே இருக்கும். வாய்க்காலை ஓடவிட்டுக்கொண்டே காத்திருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் ஆகாது. இயற்கைக்குத் தாங்கும் அளவு ஒன்று உண்டு. நாம் தினமும் அதைத் தாண்டிக்கொண்டே, அது தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

மீன் செத்தது ஆக்சிஜன் குறைவால். அடையாளம்: விடியல் நேரம், மூட்டத்துக்குப் பிறகு, பெரிய மீன் முதலில். பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் சுவாசிக்கும். இரண்டு நாள் வெயில் இல்லையென்றால் வரவு இல்லை, செலவு மட்டும். 30 டிகிரித் தண்ணீரில் நிறைவளவே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். 3க்குக் கீழே போனால் கட்லா திணறும். ஆகாயத்தாமரைப் பாயின் அடியில் காற்றும் படாது, வெளிச்சமும் படாது, அங்கே ஏறக்குறைய பூஜ்யம். மதியத்துக்கு மேல் சாகிற மீன் என்றால் வேறு கதை: பாசி கரியமில வாயுவை உறிஞ்சி பி.எச். 9ஐத் தொட்டுவிடும், அப்போது அம்மோனியாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். பி.எச். 7இல் அந்தப் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை.

இதை வைத்தே மூன்று யோசனைகளையும் பாருங்கள். களைக்கொல்லி அடித்தால் 165 டன் செடி ஒரே நேரத்தில் செத்து மூழ்கி அழுகும். மிச்ச மீனும் போகும், 35 கிலோ பாஸ்பரஸும் தண்ணீருக்கே திரும்பும். ஈ.எம். உருண்டையில் தவிடும் வெல்லப்பாகும் மண்ணும்தான் பெரும்பங்கு; ஆக்சிஜன் இல்லாத குளத்தில் போய் மேலும் தீனி போடுவதாகும். நுண்ணுயிர் பாஸ்பரஸைத் தின்றாலும் செத்ததும் அங்கேயே விட்டுவிடும், குளத்தை விட்டு எடுத்துப் போகாது. தோண்டுவதைப் பற்றி மடைகலுங்கு சொல்லட்டும், அது அவர் ஏரியா.

வகுப்புக்கு ஒரு சோதனை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 226ஆம் எண் ஏரி என்று ஒன்று. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அதன் இடுப்புப் பகுதியில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்ந்த பக்கம் மட்டும் பச்சையானது. மேலிருந்து எடுத்த படம் உலகப் பிரசித்தம். சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க நடந்த வாதங்களில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு.

நீங்கள் வாளியில் செய்யலாம். வெள்ளை வாளி நான்கு, தலா பத்து லிட்டர் கிணற்றுத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி குளத்துத் தண்ணீர் விதையாக. ஒன்றில் எதுவும் வேண்டாம், ஒன்றில் யூரியா (நைட்ரஜன்), ஒன்றில் சூப்பர் பாஸ்பேட் (பாஸ்பரஸ்), ஒன்றில் இரண்டும். அளவு 0.1 கிராம், தராசில் நிற்காது என்பதால் 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரில் 10 மில்லி எடுங்கள். டிஏபி போடக் கூடாது, அதில் இரண்டு சத்தும் இருக்கிறது. வெயிலில் இரண்டு வாரம், கொசுவலை கட்டி. வாளி முழுக்கக் குளத்துத் தண்ணீரையே ஊற்றினால் நான்கும் பச்சையாகி ஒன்றும் தெரியாமல் போகும். எல்லாச் சத்தும் ஏற்கெனவே அதில் இருக்கிறதே. நம்மூர்க் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் கொட்டிக் கிடப்பதால் சூப்பர் பாஸ்பேட் வாளி மட்டுமே தனியாகப் பச்சையாகலாம். அது சோதனை தவறியதாக அர்த்தமில்லை. அது கிணற்றைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரு சேதி.

மடைகலுங்கு:

மேலே போட்ட கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. ஒரே கேள்வி: வீடுகளின் செப்டிக் டேங்க் வழிவு அந்த வாய்க்காலில் இணைந்திருக்கிறதா? தெருவில் நடந்து எண்ணிப் பாருங்கள். இணைந்திருந்தால் ஆளுக்கு அரை கிராம் போதாது, ஒன்றரை கிராம் பக்கம் போகும். அப்புறம் எல்லாக் கணக்கும் மூன்று மடங்கு.

பத்தடி தோண்டுவது பற்றி. குளத்தின் அடியில் பல தலைமுறையாகப் படிந்த களிப்படலம்தான் தண்ணீரை நிறுத்தி வைக்கிறது. அதைப் பிளந்து கீழே உள்ள மணலையோ சுக்கான் பாறையையோ தொட்டுவிட்டால் மாசியில் இருக்க வேண்டிய தண்ணீர் தையிலேயே இறங்கிவிடும். ஊறுவதற்கென்றே வெட்டிய குளம் என்றால் பரவாயில்லை. சாக்கடை விழுகிற குளத்தில் அதுவும் கெடுதல், பக்கத்துக் கிணறுகளுக்குக் கழிவு நேரே போகும். மடை இருக்கிற குளமென்றால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய கொள்ளளவு வயலுக்கு ஒரு சொட்டும் தராது. கரையின் உள்சரிவை ஒட்டித் தோண்டினால் கரை சரியும்.

தூர் எடுக்கலாம். ஆனால் மேலே உள்ள கருஞ்சேறு மட்டும். சித்திரை வைகாசியில் தளம் வெடித்த பிறகு பத்து இடத்தில் கடப்பாரையால் ஒன்றரை அடிக் குழி போட்டு வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே கருப்பாக, முட்டை நாற்றத்தோடு, பிசைந்தால் பிசுபிசுக்காத மண். அதன் கீழே சாம்பலோ மஞ்சளோ, உருட்டினால் கயிறாகத் திரிகிற களி. நிறம் மாறும் இடம்தான் எல்லை. பெரும்பாலும் ஓர் அடிக்குள் இருக்கும். பாஸ்பரஸ் இருப்பும் அந்த ஓர் அடியில்தான். கரையடியிலிருந்து பதினைந்து அடி தள்ளி வெட்ட வேண்டும்.

வண்டலை வயலுக்குக் கொண்டுபோகலாம். வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் எடுக்க வழி உண்டு: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90. டிராக்டர் நடைக்கு மூன்று கன மீட்டர் என்றால் 25, 30 நடை. வாய்க்காலில் சாயப்பட்டறை, பேட்டரிக் கடை, மெக்கானிக் ஷெட் எதுவும் சேரவில்லை என்பது உறுதியானால் மட்டும்.

வாத்தியார்_பசுமைமன்றம்:

இருவருக்கும் நன்றி. செப்டிக் இணைப்பு எண்ண ஆள் பிரித்துவிட்டோம். வாய்க்காலை வேறு பக்கம் திருப்ப இடமில்லை, குளம்தான் ஊரிலேயே தாழ்வான இடம். குளத்துக்கு மேற்கே பஞ்சாயத்துப் புறம்போக்கு 20 சென்ட் காலியாக இருக்கிறது. அதில் ஏதாவது செய்யலாமா? ஆகாயத்தாமரையை எடுக்கும் முறையையும் சொல்லுங்கள்.

மடைகலுங்கு:

20 சென்ட் தாராளம். நாணல் படுகை போடுங்கள்: ஜல்லி நிரப்பிச் செடி நட்ட பள்ளம், கழிவுநீர் அதன் வழியே மெல்லக் கடந்து சுத்தமாகும். ஆளுக்கு 50 லிட்டர் வீதம் நாளைக்கு 24,000 லிட்டர். முதலில் ஒரு படிவுத் தொட்டி, ஒரு நாள் தண்ணீர் நிற்கிற அளவுக்கு, நடுவில் தடுப்பு, எண்ணெயும் சோப்பு நுரையும் மிதந்து நிற்க வெளியேறும் குழாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இதைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடுவதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு படுகைகள் சாகக் காரணம் என்பேன். எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லிக்குள் போனால் முதல் மூன்றடி அடைத்துத் தண்ணீர் மேலே வழியும், கொசுப் பண்ணையாகிவிடும்.

படுகை ஆளுக்கு ஒரு சதுர மீட்டர். 6க்கு 20 மீட்டரில் நான்கு, மொத்தம் 480 சதுர மீட்டர். 12 சென்ட் ஆகும், மிச்சம் தொட்டிக்கும் நடைபாதைக்கும். ஒரே பெரிய படுகையாகப் போட்டால் சுத்தம் செய்ய நிறுத்த முடியாது. ஆழம் இரண்டடி, அடிச்சரிவு நூற்றுக்கு ஒன்று, அடியில் களிமண் திமிசு அல்லது தார்ப்பாய். நுழைவாயில் ஒரு மீட்டருக்கு 40 முதல் 80 மி.மீ. கல், மிச்சமெல்லாம் 10 முதல் 20 மி.மீ. ஜல்லி. ஜல்லி மட்டும் நூறு யூனிட் பக்கம் வரும், செலவில் பெரியது அதுதான். கிரஷர் தூசியோடு வரும் ஜல்லியைக் கழுவாமல் கொட்டாதீர்கள். தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். வெளியேற்றத்தில் திருப்பி உயரம் மாற்றக்கூடிய எல்போ குழாய் வையுங்கள். கணக்குப்படி தண்ணீர் உள்ளே ஏறக்குறைய ஐந்து நாள் தங்கும். கல்வாழை, சம்பு, வெட்டிவேர் எது கிடைத்தாலும் சதுர மீட்டருக்கு நாலு. முதல் ஒரு மாதம் மட்டம் மேலே, வேர் பிடித்ததும் மெல்லக் கீழே.

மழைநீர் இந்தப் படுகைக்குள் போகக் கூடாது. தொட்டிக்கு முன்னால் தாழ்வான ஒரு வழிவாய் விட்டு, மழை வெள்ளம் நேரே குளத்துக்குப் போகட்டும்.

நீர்க்கணக்கு:

படுகை நல்லது, ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அது நாற்றத்தையும் ஆக்சிஜன் தின்னும் அழுக்கையும் நன்றாக எடுக்கும். பாஸ்பரஸை அவ்வளவாக எடுக்காது. ஆரம்பத்தில் ஜல்லி கொஞ்சம் பிடிக்கும், பிறகு அதுவும் நிறைந்துவிடும். செடியை வெட்டி வெளியே கொண்டுபோவதால் கிடைப்பதும் சிறு பங்குதான். படுகையிலிருந்து வரும் தெளிந்த தண்ணீரைக் குளத்தில் விட்டால் பாசி திரும்ப வரும், அதுவும் நாற்றமில்லாத தண்ணீர் என்பதால் ஊர் ஏமாந்தும் போகும்.

அதனால் கோடையில் முழுக்கத் தென்னைக்கு விடுங்கள். மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் என்றால் 24,000 லிட்டருக்கு 300 மரம், நாலரை ஏக்கர் தோப்பு. அங்கே அந்த 87 கிலோ உரம். மழைக்காலத்தில் மட்டும் உபரி குளத்துக்குப் போகலாம். அப்போது கலுங்கில் வழிகிற தண்ணீரோடு கொஞ்சம் வெளியேறிவிடும் (கீழ்க் குளத்துக்காரர்கள் அதற்கு என்ன சொல்வார்கள் என்பதையும் வகுப்பில் விவாதிக்கலாம்).

எடுக்கும் முறை: பூ விடுவதற்கு முன். விதை சேற்றில் 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும். காற்று ஒதுக்கும் கரையில் தொடங்குங்கள். காலி கேன்கள் கட்டிய நைலான் கயிற்றால் வளைத்துப் பாத்தி பாத்தியாகப் பிரித்து இழுங்கள். தண்ணீருக்குள் வைத்து வெட்டுகிற இயந்திரம் வேண்டாம். துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடி. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி என்பதால் வேலை அதைவிட வேகமாக முடிய வேண்டும், பாதியில் நிறுத்தினால் கூலி வீண். கரையில் ஒரு நாள் வடியவிட்டு, மறுநாளே கரைக்கு வெளிப்புறம், சரிவு குளத்தைப் பார்க்காத இடத்துக்குப் போய்விட வேண்டும்.

அங்கே மூன்று நாள் வாடவிட்டு, வைக்கோலும் சாணமும் கலந்து மார்பளவு உயரக் குவியலாகப் போடுங்கள். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. நடுவில் 55 டிகிரிக்கு மேல் ஏறினால் விதை சாகும். ஏறவில்லை என்றால் ஈரம் அதிகம், பிரித்துக் காயவைத்துத் திரும்பக் கட்டுங்கள். வாரம் ஒரு முறை வெளிப்புறத்தை உள்ளே புரட்டாவிட்டால் ஓரத்து விதை தப்பித்துக்கொள்ளும்.

நன்செய்:

ஒரு மறுப்பு. வாய்க்காலைச் சரிசெய்யாமல் முழுக்க எடுத்தால் வெயில் நேரே விழுந்து நீலப்பச்சைப் பாசி பொங்கும். அது ஆகாயத்தாமரையைவிட மோசம். சில வகை கல்லீரலைத் தாக்கும் நஞ்சை விடும், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாடு குடித்தால் ஆபத்து. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுக் கொன்றால் செல் உடைந்து நஞ்சு மொத்தமும் ஒரே நாளில் தண்ணீரில் கலக்கும். எனவே படுகை முதலில், செடி எடுப்பது பிறகு.

இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டுகளை 1980களிலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய ஏரிகளில் சில வருடத்தில் பலன் தெரியும். கோடையில் வற்றுகிற இரண்டரை ஏக்கர் குளத்தில் வண்டின் கூட்டம் நிலைக்காது, அதை நம்ப வேண்டாம்.

நீர்க்கணக்கு:

வரிசையை ஏற்கிறேன். மேலே நான் அதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம்_சாமானியம்:

"மனிதனின் பொறுப்பு" பகுதிக்கு. அது வெறும் நல்லெண்ணம் இல்லை. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தத்தில் வந்த 51அ(எ) பிரிவு (ஆங்கிலத்தில் 51A(g)), காடு, ஏரி, ஆறு, வனவிலங்குகளைக் காப்பதைக் குடிமகனின் அடிப்படைக் கடமையாக்குகிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர்க் குடிமக்கள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இரண்டு கொள்கைகளை நாட்டின் சட்டத்தின் பகுதி என்றது: மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும், கடுமையான பாதிப்பு வரக்கூடிய இடத்தில் அறிவியல் உறுதி கிடைக்கும்வரை என்று தள்ளிப்போடாமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். களைக்கொல்லி யோசனைக்கு இரண்டாவதைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவதைப் பொருத்தினால் ஈடு செய்ய வேண்டியது அந்த 120 வீடும்தான், பிள்ளைகளின் வீடுகள் உட்பட. சங்கடமான விவாதம், நடத்துங்கள்.

நடைமுறைக்கு: குளம் யாருடையது என்று வருவாய்த் துறையின் அ பதிவேட்டிலும் புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) முதலில் பாருங்கள். ஆயக்கட்டு (குளத்தால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேர், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. குறைந்தால் ஒன்றியம் அல்லது ஊராட்சி. புறம்போக்கின் வகைப்பாட்டையும் பாருங்கள், "நீர்வழி" என்றிருந்தால் அதில் படுகை கட்ட முடியாது. அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். "குளத்தைச் சுத்தப்படுத்த வேண்டும்" என்ற தீர்மானத்தால் பயனில்லை. சர்வே எண், வாய்க்கால் நீளம், இணைப்புகளின் எண்ணிக்கை, படுகையின் அளவு, பராமரிப்பு யார் பொறுப்பு, இவை தீர்மான வாசகத்திலேயே இருக்க வேண்டும். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வாத்தியார்_பசுமைமன்றம்:

எண்ணி முடித்தோம். 120இல் 31 வீட்டு செப்டிக் டேங்க் வழிவு வாய்க்காலில் இருக்கிறது. தீர்மான வரைவில் சேர்த்துவிட்டோம். மன்றத்துப் பிள்ளைகள் மாதாமாதம் எதை அளந்தால் நிலைமை தெரியும்? பெரிய கருவி எதுவும் இல்லை.

மடைகலுங்கு:

31 வீடு என்றால் 124 பேர், அவர்களுக்கு ஆளுக்குக் கூடுதலாக ஒரு கிராம். நாளைக்கு 240 என்பது 364 ஆகிவிட்டது. அந்த 31க்கு உறிஞ்சுகுழி போடுவதுதான் இருப்பதிலேயே மலிவான முதல் வேலை. குடிநீர்க் கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி.

நீர்க்கணக்கு:

இரண்டு போதும். ஒன்று தெளிவு: 20 செ.மீ. விட்டத்தில் ஒரு தகரத் தட்டு, நாலு கால்வட்டமாகப் பிரித்துக் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி அடியுங்கள். நடுவில் ஓட்டை, அடியில் கல், கயிற்றில் பத்து செ.மீ.க்கு ஒரு முடிச்சு. மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், நிழல் பக்கமாக நின்று. இப்போது இருபதுக்குள்தான் வரும். ஐம்பதைத் தாண்டினால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று கரைந்த ஆக்சிஜன், மீன் வளர்ப்புக் கடைகளில் விற்கும் சொட்டு மருந்துக் கிட்டில். மதியம் எடுத்தால் பச்சைக் குளம் பிரமாதமான எண்ணைக் காட்டி ஏமாற்றும். சூரியன் உதிக்கும் முன் எடுக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க. புட்டியை முழங்கை ஆழத்துக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகுங்கள். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.